ஏரி, நடுகல், கிணற்றுத் தண்ணீர்: ஊர் விவரங்களை இணையத்தில் கூட்டாகப் பதிவு செய்ய நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரைப் பற்றித் தெரிந்ததைத் திறந்த இணையத் தளங்களில் வரைபடமாக, படமாக, கட்டுரையாக ஏற்ற விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது. கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, பள்ளி ஆசிரியர்கள் உண்டு, ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்களும் உண்டு. கணினி அறிவு பெரிதாக வேண்டாம். ஆண்ட்ராய்டு போனும் நடக்கத் தெம்பும் போதும்.

ஏற்கெனவே வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் பகிர்கிறோமே, தனியாக ஒரு தளம் எதற்கு?

குரூப்பில் போட்டது மூன்றாம் நாள் மேலே போய்விடும். அடுத்த வருடம் யாராவது "அந்தக் கல்வெட்டு படம் இருக்கா?" என்று கேட்டால் மறுபடி எல்லோரும் கேலரியைத் துழாவ வேண்டும். போன் மாற்றியவரிடம் அதுவும் இருக்காது. அதைவிடப் பெரிய குறை, குரூப்பில் வந்த தவறைத் திருத்த வழியில்லை. தப்பான செய்தி நூறு குரூப்புக்குப் போயிருக்கும், திருத்தம் ஒன்றில் மட்டும் நிற்கும். திறந்த தளத்தில் ஒரே ஒரு பக்கம்தான், திருத்தினால் எல்லோருக்கும் திருந்தும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற கணக்கும் அங்கேயே கிடக்கும்.

எழுத்தில் பட்டியலாகப் போட்டால் போதாதா? வரைபடம் கட்டாயமா?

எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. ஆனால் ஏரி விஷயத்தில் பட்டியல் உதவவே உதவாது. ஒரு ஒன்றியத்தில் உள்ள ஏரிகளின் பெயர், பரப்பு, பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் என்று அட்டவணை போட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக நிற்கும். தரையில் அவை தனித்தனி இல்லை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிகுந்த நீர் வழிந்தால், அந்த நீர் ஓடை வழியாகக் கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. வரைபடத்தில் ஏரிகளையும் நடுவில் உள்ள வரத்துக் கால்வாய்களையும் சேர்த்து வரைந்தால் சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணில் படும். மனைப் பிரிவு வந்த இடம், சாலை குறுக்கே போட்டுப் பாலம் வைக்காமல் விட்ட இடம் எல்லாம் தெரியும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், ஏரி நிரம்பி வந்த வெள்ளத்தில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் இழுத்துச் செல்லப்பட்டதும் எல்லோரும் வீடியோவில் பார்த்ததுதான். ஊர்ப் பெரியவர்களுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று தெரியும். அந்த வழி வரைபடத்தில் இல்லாததால் அடுத்த தலைமுறைக்கும், வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிக்கும் தெரிவதில்லை. நிரம்பினால் எந்தப் பக்கம் வழியும் என்ற ஒரு கோட்டை வரைந்து வைப்பதை நாங்கள் முதல் வேலையாகச் சொல்வது அதனால்தான்.

மாறாக, ஊர்த் திருவிழா எப்படி நடக்கும் என்பதற்கு எழுத்துதான் சரி. கிருஷ்ணகிரி மாங்காயில் எந்த ரகம் எப்போது சந்தைக்கு வரும் என்பதற்குப் பன்னிரண்டு மாதக் கட்டம் போட்டு, செந்தூரா, அல்போன்சா, பெங்களூரா, நீலம் என்று வண்ணப்பட்டை இழுத்தால் ஒரு பார்வையில் விளங்கும். அதற்கு வரைபடம் தேவையே இல்லை.

எந்தத் தளத்தில் எதைப் போடுவது? பெயர்களைக் கேட்டாலே குழப்பமாக இருக்கிறது.

நியாயம்தான். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குணம் உண்டு. அது தெரியாமல் போடுவதால்தான் பாதி மனக்கசப்பு வருகிறது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். நேரில் போய்ப் பார்த்ததை அதில் சேர்க்கலாம். ஏரி, மதகு, ரேஷன் கடை, அடிபம்பு, மலைப்பாதை எதற்கும் இடம் உண்டு. "நான் பார்த்தேன்" என்பதே அங்கே சான்று.

விக்கிப்பீடியா அதற்கு நேர் எதிர். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அங்கே "நான் பார்த்தேன்" செல்லாது. அச்சான நூல், ஆய்விதழ், செய்தித்தாள், அரசு வெளியீடு என்று வேறு யாராவது எழுதி வெளியிட்டதைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும்.

விக்கிமீடியா காமன்ஸ், படங்களுக்கும் ஒலிக்கும் காணொளிக்கும். 2004-லிருந்து இருக்கிறது. நீங்கள் எடுத்த படத்தை யாரும் பயன்படுத்தலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமத்தில் ஏற்றலாம். விக்கித்தரவு 2012-ல் வந்தது. ஓர் அணையின் பெயர், கட்டிய ஆண்டு, எந்த ஆற்றின் குறுக்கே, எந்த மாவட்டம் என்று துண்டு துண்டாக வைக்கிற இடம். அதில் ஏற்றியதை ஒரு வினவல் எழுதி வரைபடமாகவோ காலக்கோடாகவோ எடுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி அணை 1957, தென்பெண்ணை ஆறு என்ற இரண்டு துண்டும் அங்கே சரியாக இருந்தால் எத்தனையோ மொழி விக்கிப்பீடியாக்கள் அதை எடுத்துக்கொள்ளும்.

பறவை, பூச்சி, செடிகொடிக்கு ஐநேச்சுரலிஸ்ட், பறவைகளுக்கு மட்டும் இபேர்ட். பாரூர் ஏரிப் பக்கம் காலையில் பைனாகுலரோடு நிற்பவர்களில் பலர் இபேர்டில்தான் கணக்கு வைக்கிறார்கள்.

யூமேப் என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் நம் சொந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் போட்டுத் தனி வரைபடம் செய்துகொள்ளும் இடம். பள்ளி மாணவர்களுக்கு இதில் தொடங்குவது எளிது. தவறு செய்தாலும் அந்த ஒரு வரைபடத்தோடு போகும்.

எங்கள் ஊர்க் கோயிலின் கதையை விக்கிப்பீடியாவில் எழுதினேன். நீக்கிவிட்டார்கள். எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?

உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் அதே கதையை வேறு மாதிரி எழுதினால் விக்கிப்பீடியா யாரை நம்பும்? சேலத்தில் உட்கார்ந்து படிப்பவர் சரிபார்க்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் கேள்வி. கோபம் வேண்டாம். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் என்ன சான்று கேட்கிறார்கள் என்று பாருங்கள், இல்லாவிட்டால் 'ஆலமரத்தடி'யிலோ 'ஒத்தாசைப் பக்க'த்திலோ கேளுங்கள். பெயருக்கு ஏற்றபடி பேசித் தீர்க்கிற இடங்கள்தான் அவை.

கதையை வீணாக்கவும் வேண்டாம். சொல்லும் பெரியவரின் சம்மதத்தோடு ஒலியாகப் பதிவு செய்து, சொன்னவர் எந்த ஊர், பதிவான நாள் எது என்ற குறிப்புடன் காமன்ஸில் ஏற்றலாம். "இந்த ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்" என்பதற்கு அது ஆவணம். "இப்படித்தான் நடந்தது" என்பதற்கு அல்ல. உள்ளூர் ஆய்வாளர்கள் யாராவது இதழில் எழுதி வெளியிட்டால் அதைச் சான்றாகக் காட்டிப் பிறகு விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம். சுற்றுவழிதான், ஆனாலும் நிற்கும்.

ஓர் ஏரியை வரைவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு தொடங்கி, லேப்டாப்பில் உலாவியிலேயே திறக்கும் ஐடி என்ற தொகுப்பானில் உங்கள் ஊருக்குப் போங்கள். பின்னால் செயற்கைக்கோள் படம் தெரியும். ஏரி பச்சையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது சீமைக்கருவேலம். கோடையில் எடுத்த படமாக இருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள். படத்தில் தண்ணீர் தெரிகிற திட்டை மட்டும் சுற்றி வரைந்துவிடுகிறார்கள். ஏரி என்பது மார்ச்சில் மிஞ்சிய குட்டை அல்ல. நிறைந்து கோடி போகும்போது நீர் எதுவரை நிற்குமோ அதுவரை ஏரி. ஆகவே முதலில் கரையை வரையுங்கள். கரை பெரும்பாலும் பிறை போல வளைந்து, மேலே வண்டிப்பாதையோடு தெளிவாகத் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பு விளிம்பை மட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அங்கே நேரில் போக வேண்டும். வண்டல் படிந்த மண்ணும் பட்டா நிலத்து வரப்பும் மாறும் கோடு காலில் தெரியும். அங்கே நிலம் வைத்திருப்பவரைக் கேட்டால் "நெறஞ்சா இந்தப் புளியமரம் வரைக்கும் வரும்" என்று கைகாட்டுவார். போனில் அந்தப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைந்த பிறகு ஏரிக்கு 'ஆண்டு முழுதும் நீர் இருக்காது' என்ற குறியைச் சேருங்கள். அதைச் சேர்க்காவிட்டால் வரைபடத்தில் வற்றாத ஏரியாகத் தெரியும். அடுத்து மதகுகள், எத்தனை இருக்கிறதோ அத்தனையும் தனித்தனிப் புள்ளி. பிறகு கலிங்கு, அதாவது மிகுந்த நீர் வழியும் இடம். பல ஊர்களில் கோடி என்றே சொல்வார்கள், கட்டுமானம் இல்லாமல் வெறும் பாறையாகவும் இருக்கும். கோடியிலிருந்து போகும் ஓடையை நீர் போகும் திசையிலேயே வரைய வேண்டும். கோட்டின் தொடக்கமும் முடிவும் திசையைச் சொல்கின்றன, தலைகீழாக வரைந்தால் தண்ணீர் மேட்டுக்கு ஏறும்.

பெயர். ஊருக்கு ஒரு பெரிய ஏரி, ஊருக்கு ஒரு புது ஏரி. ஊர்மக்கள் சொல்லும் பெயரையே முதலில் போடுங்கள், பலகையில் வேறு பெயர் இருந்தால் மாற்றுப் பெயராகச் சேருங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பெயரும் வழக்கில் இருக்கும். மொழிவாரியாகப் பெயர் சேர்க்கத் தனித்தனி இடம் இருக்கிறது, ஒன்றை அழித்து ஒன்றைப் போட வேண்டியதில்லை.

சேமிக்கும்போது கேட்கும் குறிப்பில் "திருத்தம்" என்று ஒற்றைச் சொல்லில் விடாதீர்கள். "நேரில் பார்த்து மதகுகளும் கோடியும் சேர்த்தேன்" என்று ஒரு வரி எழுதினால், பின்னால் சந்தேகப்படுபவருக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

கூகுள் மேப்பில் எல்லாம் இருக்கிறதே. பார்த்து அப்படியே வரைந்தால் என்ன?

கூடாது. அது அவர்களின் உரிமைக்கு உட்பட்டது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கண்டுபிடித்தால் நீங்கள் சேர்த்தது மொத்தமும் நீக்கப்படும். தொகுப்பானில் வரும் பிங், எஸ்ரி படங்களைப் பார்த்து வரைய அனுமதி இருக்கிறது, அது போதும்.

அ-பதிவேடு, புலப்படம் போன்ற வருவாய்த் துறை ஆவணங்களையும் அப்படியே படியெடுக்காதீர்கள். அரசு வெளியீடுகளுக்கும் இந்தியாவில் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. அதற்கும் பழைய, வெள்ளைக்காரர் காலத்து நில அளவைத் தாள்களைப் பயன்படுத்தலாம். அவற்றில் இன்று இல்லாமல் போன குளங்களும் பாதைகளும் இருக்கும். ஆனால் தரையில் இல்லாததை இருப்பதாக வரையாதீர்கள். மறைந்துபோன குளத்துக்கு யூமேப்பில் தனி அடுக்கு போடலாம்.

வரைபடம் தயாரிக்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. ராணுவம் சார்ந்த இடங்களின் விவரங்களைத் தொடாதீர்கள். மற்றபடி ஏரி, கோயில், பள்ளிக்கூடம் எதற்கும் தடையில்லை.

நடுகல்லைப் படம் எடுத்தால் எழுத்தே தெரிவதில்லை. என்ன செய்வது?

நண்பகல் வெயிலில் எடுத்தால் எந்தக் கல்லும் தட்டையாகத்தான் வரும். எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் கட்டும், அப்போது படிக்கலாம். கல் கிழக்கு பார்த்திருந்தால் காலை, மேற்கு பார்த்திருந்தால் மாலை. வடக்கு பார்த்த கல்லும் மர நிழலில் நிற்கும் கல்லும்தான் தொல்லை. ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைப் பக்கத்திலிருந்து கல்லின் மேல் திருப்பட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தும் எடுக்கலாம். வட்டெழுத்துக் கல்வெட்டுகளுக்கு இந்த முறை பகலைவிட நன்றாகவே வரும்.

ஒரே கல்லுக்கு வேண்டியவை: முழுக் கல், சூழலோடு தூரத்திலிருந்து ஒன்று, எழுத்துப் பகுதி நெருக்கமாக, வீரனின் கையில் வில்லா வாளா என்று தெரியும்படி ஒன்று, உடலில் தைத்த அம்புகள், மேலே தேவமகளிர் அழைத்துச் செல்லும் காட்சி இருந்தால் அதுவும். ஒரு படத்திலாவது அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். பின்பக்கமும் பாருங்கள்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் எழுத்தின் மேல் பூசாதீர்கள். கம்பித் தேய்ப்பான் பக்கமே போகாதீர்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் பூசையில் இருக்கின்றன. மஞ்சளும் குங்குமமும் இருப்பது அழுக்கு அல்ல. பூசாரியிடமோ ஊர்க்கவுண்டரிடமோ கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு எடுங்கள். "எதுக்குப்பா எடுக்கறீங்க?" என்று கேட்டால் போனில் வேறொரு ஊரின் நடுகல் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். பெரும்பாலும் அதன் பிறகு அவர்களே "இன்னொண்ணு எங்க கொல்லையில கெடக்கு" என்று கூட்டிப் போவார்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அளவு சுருங்கும், இடக்குறிப்பும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். காணொளி எடுத்தால் காமன்ஸ் எம்பி4 வடிவத்தை ஏற்காது, வெப்எம் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

துல்லியமான இடத்தைப் போட்டால் புதையல் தேடுபவர்கள் வந்துவிடமாட்டார்களா?

வருவார்கள். பழங்கால ஈமச்சின்னங்களான கல்வட்டங்களையும் கல்திட்டைகளையும் தோண்டிப் போட்ட குழிகளை இந்தப் பக்கம் நடந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மல்லசந்திரம் கல்திட்டைகள் போல ஏற்கெனவே ஊரறிந்த இடங்களுக்கு மறைப்பதில் பொருளில்லை, தெரிந்தால்தான் காவலும் வரும். ஆனால் புதிதாகக் கண்ட ஈமச்சின்னம், காட்டுக்குள் தனியாக நிற்கும் சிற்பம் போன்றவற்றுக்குக் கிராமத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதலில் தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். மண்ணில் புதைந்த காசோ நகையோ கண்ணில் பட்டால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அதற்கு முன்னால் வரக்கூடாது.

காட்டுயிருக்கும் இதே எச்சரிக்கைதான். இரு மாவட்டங்களிலும் பரவிய காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் நட்சத்திர ஆமை கண்டால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், கடத்தலுக்குப் போகிற உயிரி அது. ஐநேச்சுரலிஸ்ட், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அப்படிச் செய்யாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நிற்கும் இடத்தை உடனுக்குடன் பரப்புவதும் வேண்டாம், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

பழைய நூலில் எங்கள் ஊர்க் கல்வெட்டு சேலம் மாவட்டம் என்று இருக்கிறது. திருத்த வேண்டுமா?

நூல் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. 1965 அக்டோபர் 2-ல்தான் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். ஆக, ஊத்தங்கரைப் பக்கத்து ஒரே கல் 1960-ல் சேலம் மாவட்டம், 1980-ல் தருமபுரி மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். வட்டங்களும் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. பதிவில் இன்றைய மாவட்டத்தைப் போட்டு, நூலில் உள்ளபடி பழையதையும் குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரே கல் மூன்று மாவட்டத்தில் மூன்று கல்லாக ஏறிவிடும். ஊர்ப் பெயரும் அப்படித்தான், 'அள்ளி' என்றும் 'ஹள்ளி' என்றும் இரண்டு விதமாக எழுதும் ஊர்கள் நம்மிடம் ஏராளம். தேடுபவர் எதைத் தட்டினாலும் கிடைக்கும்படி இரண்டையும் சேருங்கள்.

எங்கள் கிணறுகளில் புளூரைடு பரிசோதனை செய்தோம். ஊரையே சிவப்பு வண்ணம் பூசி வரைபடம் போடலாமா?

பூசாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் சொல்வோம்.

இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்தது. நம் அடியில் கிடக்கும் பாறையிலிருந்து அது கரைந்து வருகிறது. பற்களில் கறையும், அதிகமானால் எலும்புப் பாதிப்பும் வரும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு நிறைவேறி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டதற்கு இந்தப் பாதிப்பே முக்கியக் காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை.

இப்போது உங்கள் வரைபடம். திறந்த கிணறு ஒன்றில் 0.8, அதிலிருந்து நூறடி தள்ளி ஆழ்துளைக் கிணற்றில் 2.4 என்று வரலாம். ஆழமும் பாறையும் மாறினால் எண்ணும் மாறும். மழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணற்றிலேயே மாறும். ஊர் முழுக்கச் சிவப்புப் பூசினால், சோதிக்காத வீட்டுக் கிணற்றையும் சோதித்ததாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிற அளவுக்குப் பேச்சு போகும். மறுபக்கம், பச்சை பூசிய பகுதியில் ஒருவர் நம்பிக் குடித்துக் கெட்டுப்போகவும் வழி உண்டு.

சோதித்த கிணறுகளை மட்டும் புள்ளியாகப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் தட்டினால் திறந்த கிணறா ஆழ்துளையா, ஆழம் எத்தனை அடி, மாதிரி எடுத்த தேதி, சோதித்தது ஆய்வகமா இல்லை கையடக்கக் கருவியா என்பது தெரிய வேண்டும். தனியார் கிணறானால் உரிமையாளர் பெயர் வேண்டாம், அவர் சம்மதம் மட்டும் வேண்டும். வண்ணம் மூன்று போதும்: 1-க்குள், 1 முதல் 1.5, அதற்கு மேல். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு, நீலமும் ஆரஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பழைய ஊராட்சி ஆவணம் வேர்டு கோப்பாகக் கிடைத்தது. திறந்தால் ஒன்றும் புரியாத எழுத்தாக வருகிறது.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படியுங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும், சில நேரம் எண்களுக்கே சேதம் வரும்.

வத்தல்மலை, சித்தேரி மாதிரி இடங்களில் சிக்னல் இல்லையே?

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியில் அந்தப் பகுதியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில் பகுதியை முன்கூட்டி இறக்கினால், "இந்தச் சாலை தார் சாலையா, மண் சாலையா?" என்று அது கேட்கும் கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் தட்டலாம், அடிவாரத்துக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் ஏற்றலாம். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. பேட்டரிதான் முக்கியம், பவர் பேங்க் எடுத்துப் போங்கள். காகிதத்தில் அச்சிட்ட வரைபடமும் ஒரு பேனாவும் எப்போதும் கைகொடுக்கும். மலைவாழ் பெரியவர்கள் போனைவிடக் காகிதத்தில் தயக்கமில்லாமல் வழி சொல்வார்கள்.

கல்லூரியில் பயிலரங்கு வைத்தோம். பாதிப் பேருக்குக் கணக்கே தொடங்க முடியவில்லை.

விக்கிமீடியா தளங்களில் ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரி வைஃபையில் ஏழாவது ஆளுக்கு மறுத்துவிடும். மாணவர்களை முந்தின நாளே வீட்டிலிருந்து, சொந்த டேட்டாவில் தொடங்கி வரச் சொல்லுங்கள். விலக்கு கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

இன்னொன்று. ஒரே நாளில் முப்பது பேர் முப்பது கட்டுரை என்று இலக்கு வைக்காதீர்கள். இரண்டு பத்திக் கட்டுரைகளாக வந்து விழும், யாரோ ஒருவர் மாதக்கணக்கில் துப்புரவு செய்ய வேண்டியிருக்கும். முப்பது பேரும் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டுரைக்கு ஆளுக்கொரு சான்று சேர்த்தால் அது பெரிய காரியம். பள்ளிப் பிள்ளைகள் என்றால் முகம் தெரியும் படங்களை ஏற்ற வேண்டாம், பயனர் பெயரில் உண்மைப் பெயரும் வேண்டாம்.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் நாங்கள் உழைத்ததை யாராவது கெடுத்துவிட்டால்?

எந்தப் பதிப்பும் அழிவதில்லை. விக்கிப்பீடியாவில் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைத் தட்டினால் பழைய பதிப்பு இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து வைத்தால் யார் கைவைத்தாலும் தெரியும்.

ஆனால் எல்லா மாற்றமும் கெடுதல் அல்ல. பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, தமிழ்நாட்டு இரும்பின் பழமைக்கு அதுதான் எல்லை என்று பல இடங்களில் எழுதினார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அந்தக் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. நம் மாவட்டத்துப் பெருமை போய்விட்டதே என்று பழைய வாக்கியத்தையே திரும்பத் திரும்ப மீட்டுக்கொண்டிருந்தால் அதுதான் கெடுப்பது. மயிலாடும்பாறையின் தேதி அப்படியே இருக்கிறது, "மிகப் பழமையானது" என்ற சொல் மட்டும்தான் நகர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிப் போடலாமா?

பிழைதிருத்தக் கேளுங்கள். ஊர் வரலாறு கேட்காதீர்கள். உங்கள் ஊர் ஏரியை எந்த மன்னன் வெட்டினான் என்று கேட்டால் தயங்காமல் ஒரு பெயரும் ஆண்டும் சொல்லும். அதை நீங்கள் விக்கிப்பீடியாவில் போட, அடுத்த மாதம் அதே இயந்திரம் அங்கிருந்து படித்து இன்னொருவருக்குச் சொல்லும்.

இதில் வருமானம் உண்டா?

கிடையாது. செலவும் பெட்ரோல்தான்.

எங்கள் படத்தை யூடியூபர் ஒருவர் பெயர் போடாமல் எடுத்துக்கொண்டார்.

உரிமப்படி அவர் எடுக்கலாம், பெயர் போடாமல் எடுக்கக்கூடாது. காமன்ஸ் பக்கத்தின் இணைப்போடு ஒரு கமென்ட் போடுங்கள். பலர் தெரியாமல்தான் செய்கிறார்கள், கேட்டால் விவரக்குறிப்பில் சேர்த்துவிடுவார்கள். படத்தின் மேலேயே பெரிதாகப் பெயரைப் பொறித்து ஏற்றும் பழக்கத்தை விடுங்கள், எழுத்து இருக்கும் இடத்தை அது மறைக்கிறது.

குழுவை நடத்தும் ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார். எல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது. இனி என்ன?

விக்கிப்பீடியா, ஓபன்ஸ்ட்ரீட்மேப், காமன்ஸில் ஏற்றியவற்றுக்கு ஒன்றும் ஆகாது. யார் வேண்டுமானாலும் தொடரலாம். சிக்கல் வருவது அவருடைய ஜிமெயிலில் உள்ள கூகுள் ஷீட்டுக்கும், அவர் உருவாக்கிய யூமேப் வரைபடத்துக்கும்தான். யூமேப்பில் மற்றவர்களைத் தொகுப்பாளர்களாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது, அவர் கிளம்புவதற்கு முன் இரண்டு பேரையாவது சேர்த்துவிடச் சொல்லுங்கள். ஷீட்டின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றி, சிஎஸ்வி கோப்பாகவும் ஒரு பிரதி இறக்கி வையுங்கள். கடவுச்சொல்லைக் குரூப்பில் போட்டு எல்லோரும் ஒரே கணக்கில் நுழையும் பழக்கம் வேண்டாம், விக்கிப்பீடியாவில் ஒரு கணக்கு ஓர் ஆளுக்குத்தான். இன்னும் ஏற்றாத படங்கள் அவர் போனில் எத்தனை இருக்கின்றன என்று கேட்டு, அவர் வண்டி ஏறுவதற்குள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.